இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்: அம்மா அப்பாவோடு ஆர்வியில் மூன்று இரவு, சமாளிக்க முடியுமா?

மணல்வீடு:

எல்லாருக்கும் வணக்கம். தென்காசியிலிருந்து அம்மா அப்பா வந்து இரண்டு மாதம் ஆகிறது. அக்டோபர் கடைசியில் திரும்புகிறார்கள். வந்த நாளிலிருந்து வீடு, கோவில், கடை, மறுபடி வீடு. அப்பா வாய்விட்டு எதுவும் கேட்க மாட்டார். போன வாரம் இங்கே டெக்சாஸில் பர்னெட் ஊரைத் தாண்டி 29ஆம் நெடுஞ்சாலையில் போகும்போது புகானன் அணையைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணிக்குப் பக்கத்துல ஒரு ராத்திரி இருந்தா நல்லாருக்கும்" என்றார். அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பக்கத்திலேயே இருக்கும் இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்கில் ஜூலையில் மூன்று இரவு தங்கலாம் என்று யோசிக்கிறோம். நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர் (9 வயது, 5 வயது), அம்மா, அப்பா. அப்பாவுக்கு 71, முழங்கால் வலி. தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியாது, அதனால் டென்ட் சரிப்படாது. 28 அடி கிளாஸ் சி ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) ஒன்று வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கிறோம். இதுவரை மினிவேன்தான் ஓட்டியிருக்கிறோம்.

எனக்குப் பெரிய கவலை பாத்ரூம். அம்மா இரவில் மூன்று முறையாவது எழுந்திருப்பார். சொம்பும் தண்ணீரும் இல்லாமல் அவருக்கு ஆகாது. ஆர்வி கழிப்பறையில் அப்படித் தண்ணீர் ஊற்றலாமா? வண்டி நிறுத்தித் தங்கும் சைட்டில் தண்ணீர், மின்சாரம் இரண்டும் உண்டு என்று போட்டிருக்கிறது, அது போதுமா? சமையல் எல்லாம் உள்ளேதான். மின்சார அடுப்பு, மிக்ஸி எடுத்துப் போகலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கல்லுத்திண்ணை:

உங்கள் அப்பா கேட்டதைப் படித்ததும் வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். கட்டாயம் கூட்டிப் போங்கம்மா. நான் பதினோரு வருடமாக அந்த ஏரிக்குப் போகிறேன். முதல் மூன்று தடவை வாடகை வண்டி, பிறகு சொந்தமாக ஒன்று. என் மாமியார் இருந்தவரை அவரும் வந்தார். சொம்புப் பிரச்சினை எனக்கு நன்றாகத் தெரியும், அதையே முதலில் சொல்கிறேன்.

சைட்டில் தண்ணீர் உண்டு என்று பார்த்ததும் வீட்டுக் குழாய் மாதிரி நினைத்துவிடுவோம். உள்ளே வரும் தண்ணீருக்குக் குறைவில்லை. வெளியே போகத்தான் வழியில்லை. அங்கே சைட்டில் கழிவுநீர் இணைப்பு கிடையாது. எல்லாம் வண்டிக்கு அடியில் இருக்கும் இரண்டு டேங்கில் சேரும்: கழிப்பறைக்கு பிளாக் டேங்க், சிங்க்குக்கும் குளியலுக்கும் கிரே டேங்க். கிளம்பும் நாளன்று பார்க்கில் இருக்கும் டம்ப் ஸ்டேஷனில் போய்க் காலி செய்ய வேண்டும். நீங்கள் சொல்லும் அளவு வண்டியில் ஒவ்வொரு டேங்கும் 30 காலன் பக்கம் இருக்கும். அதாவது 113 லிட்டர். 15 லிட்டர் வாளியில் ஏழரை வாளி. ஆறு பேருக்கு மூன்று நாளைக்கு அவ்வளவுதான் என்று மனதில் வைத்துக்கொண்டு மற்றதை யோசியுங்கள்.

கழிப்பறைப் பெடலை மிதித்தால் வரும் தண்ணீரும் சொம்புத் தண்ணீரும் சேர்த்து ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர் என்று வையுங்கள். ஆறு பேர், ஆளுக்கு ஐந்து தடவை, ஒரு நாளைக்கு 60 லிட்டர். இரண்டாம் நாள் இரவே பிளாக் டேங்க் நிறைந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஏற்பாடு: பகலில் எல்லாரும் பார்க்கின் கழிப்பறைக்கு நடக்க வேண்டும். வண்டிக்குள் இருப்பது இரவுக்கும், பெரியவர்களுக்கும் மட்டும். குளியலும் பார்க்கின் குளியலறையில்தான். அங்கே வெந்நீர் வரும். வண்டியில் இருக்கும் ஹீட்டரோ பெரும்பாலும் 6 காலன், இரண்டு பேர் குளித்தால் பச்சைத் தண்ணீர்தான்.

அம்மாவைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். என் மாமியார் முதல் தடவை வந்தபோது நான் அப்படிச் சொன்னேன். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை. பிறகுதான் காரணம் புரிந்தது, இன்னும் மனதில் உறுத்துகிறது. உண்மையில் பிளாக் டேங்குக்குத் தண்ணீர்தான் மருந்து. தண்ணீர் குறைந்தால் கெட்டியானது அடியில் படிந்து இறுகும், நாற்றமும் வரும். டேங்கைக் காலி செய்தபின் முதலில் ஒரு வாளித் தண்ணீரும் டேங்குக்கான மருந்தும் ஊற்றிவிட்டுத்தான் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர் பேப்பரும் போடமாட்டார், அது இன்னும் நல்லது.

கிரே டேங்க்தான் நம் சமையலால் சீக்கிரம் நிறையும். அரிசி களைந்த தண்ணீரை மரத்தடியில் ஊற்றும் பழக்கம் அங்கே கூடாது, கழிவுநீரைத் தரையில் விடவே கூடாது. பாத்திரத்தை பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். மாவு, சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் வீட்டிலேயே தயாராகட்டும்.

மின்சாரம். 30 ஆம்ப் வண்டி என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட், மொத்தமே அவ்வளவுதான். கூரை ஏசி ஓடும்போது 1,500 வாட் பக்கம் எடுத்துக்கொள்ளும். மின்சார அடுப்பு முழு வேகத்தில் 1,800. இரண்டும் சேர்ந்தாலே விளிம்பு, அதோடு யாராவது மைக்ரோவேவைத் தொட்டால் பிரேக்கர் விழும். தோசைக்கு வண்டியின் கேஸ் அடுப்பே போதும். எரியும்போது மேலே இருக்கும் ஃபேனைப் போட்டு ஜன்னல் ஒன்றைத் திறந்து வையுங்கள். மிக்ஸி நம் ஊருடையது என்றால் 230 வோல்ட், அதை விட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. ஜூலை வேண்டாம். அந்த இடம் முழுக்க நைஸ் (gneiss) என்ற இளஞ்சிவப்புப் பாறை. நூறு கோடி வருடத்துக்கும் மேல் பழமையான கல் அது, கைவைத்துப் பார்க்கவே தனியாக ஒரு நாள் வேண்டும். ஆனால் ஜூலையில் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி, இருட்டிய பிறகும் விடாமல் கக்கிக்கொண்டிருக்கும். 100 டிகிரி வெயிலில் ஏசியை விட்டு வெளியே வர அப்பாவால் முடியாது. பிறகு தண்ணீர் பக்கத்தில் இருந்து என்ன? அக்டோபர் நடுவில், திங்கள் முதல் வியாழன் வரை பாருங்கள். கேம்ப்சைட்டுகளை ஐந்து மாதம் முன்னாலேயே பிடித்துவிடலாம், வார இறுதியெல்லாம் அப்படித்தான் போய்விடுகிறது. வார நாளில் இன்னும் இடம் இருக்கும். அக்டோபரிலும் ஏரி வற்றியிருக்காது. புகானன் ஏரி மழையைப் பொறுத்து ஏறி இறங்கும், இங்க்ஸை எப்போதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். கரைக்கு அருகிலேயே தண்ணீர் நிற்கும். 1938இல் அணை கட்டி முடித்ததிலிருந்து இந்த ஏரி இருக்கிறது.

ஓட்டுவது: 29 வழியாக வந்து பார்க் ரோடு 4இல் இடதுபக்கம் திரும்புங்கள். 281ஆம் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து லாங்ஹார்ன் குகை வழியாக வரும் பாதை அழகானது, ஆனால் வளைவு அதிகம், முதல் தடவைக்கு வேண்டாம். பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் வலப்பக்கம் திரும்பினால் வால் இடப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்கில் கம்பத்தை ஒட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்து எடுத்தால் பக்கவாட்டு கிழிந்துவிடும். நேராக முன்னே போன பிறகே ஒடியுங்கள். சைட்டில் பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நிற்கட்டும். உங்கள் கண்ணாடியில் அவர் தெரியாவிட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். போகும் வழியில் ஒருவரும் பெல்ட் இல்லாமல் இருக்கக் கூடாது, பெரியவர்கள் படுக்கையில் படுத்து வருவதும் கூடாது.

ஓட்டுநருக்கு மேலே இருக்கும் படுக்கைக்கு ஏணி உண்டு, அது பிள்ளைகளுக்கு. கடைசியில் இருக்கும் கட்டில் அம்மா அப்பாவுக்கு, பாத்ரூமும் அதன் பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் இருவரும் மேசையை மடக்கிப் போடும் படுக்கையில். வாசல் படி உயரம், அப்பாவின் முழங்காலுக்கு ஒரு சிறு முக்காலிப் படி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒத்தையடி:

அக்கா சொல்றதெல்லாம் சரி. ஆனா முதல் தடவையே ஆறு பேரோட 28 அடி வண்டி எதுக்குங்க? அதே பார்க்ல சின்ன கேபின் இருக்கு. ஏசி இருக்கு, கட்டில் இருக்கு. டேங்க் கவலை இல்ல, பின்னால எடுக்குற பயம் இல்ல. வாடகையும் கம்மி. நாங்க போன வருஷம் அப்பாவை அதுலதான் கூட்டிட்டுப் போனோம், நிம்மதியா இருந்துச்சு. ரெண்டு கேபினா எடுத்துக்கோங்க.

கல்லுத்திண்ணை:

தம்பி சொல்வது நியாயம்தான், செலவிலும் கேபின் நல்லது. அதில் ஒரே ஒரு தடை: கேபினுக்குள் கழிப்பறை கிடையாது. இரவு மூன்று முறை எழுந்திருக்கிறவர் டார்ச் பிடித்துக்கொண்டு கரடுமுரடான தரையில் நடக்க வேண்டும். பாம்பு, தேள் உள்ள ஊர் அது. உங்கள் அப்பாவுக்கு அந்தத் தேவை இல்லாமல் இருந்திருக்கும். மணல்வீட்டின் அம்மாவுக்கு நான் ஆர்விதான் சொல்வேன்.

டம்ப் செய்வதைச் சொல்ல மறந்துவிட்டேன். தங்கும் நாட்களில் இரண்டு டேங்கின் வால்வும் மூடியே இருக்கட்டும். எங்கள் நான்காவது பயணத்தில் கழிவுநீர் இணைப்பு உள்ள வேறொரு இடத்தில், தானாகப் போய்க்கொண்டே இருக்கட்டும் என்று பிளாக் வால்வைத் திறந்து வைத்தேன். தண்ணீர் மட்டும் ஓடிவிட்டது, மற்றது உள்ளேயே குவிந்து இறுகியது. கரைத்து எடுக்க ஒரு வாரம் ஆனது. கையுறை போடுங்கள், முதலில் பிளாக், அது முழுக்கப் போனபின் கிரே. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். குடிநீருக்கான வெள்ளை ஹோஸை அங்கே வெளியில் எடுக்கவே வேண்டாம்.

தூண்டில்முள்:

உங்கள் அப்பாவுக்கு மீன் பிடிக்கும் பழக்கம் உண்டா? டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குக்குள் கரையிலிருந்தோ மீன்பிடி மேடையிலிருந்தோ தூண்டில் போட லைசென்ஸ் வேண்டாம். எத்தனை மீன், எந்த அளவு என்ற விதிகள் மட்டும் உண்டு. படகில் ஏறினால் லைசென்ஸ் வேண்டும். இங்க்ஸில் கெளுத்தி, பாஸ், சன்ஃபிஷ் எல்லாம் உண்டு. மண்புழு, சின்ன முள், ஒரு தக்கை, அவ்வளவு போதும். விடிவதற்கு முன்னால் உட்காரச் சொல்லுங்கள். அங்கே லைஃப்கார்டு கிடையாது, பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கரையிலேயே மாட்டிவிடுங்கள்.

மணல்வீடு:

போய்விட்டு வந்துவிட்டோம். அக்டோபர் நடுவில், திங்கள் முதல் வியாழன் வரை. கல்லுத்திண்ணை அக்கா, நீங்கள் எழுதியதை அச்செடுத்து வண்டியின் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன்.

கிரே டேங்க் மூன்றாம் நாள் காலையில் நிறைந்தேவிட்டது. அம்மா கீரை வாங்கி வந்திருந்தார், அதை மூன்று தண்ணீரில் அலசினார். அதோடு சிங்க்கை மூடிவிட்டு, கிளம்பும்வரை பாத்திரம் கழுவாமல் பேப்பர் தட்டில் சாப்பிட்டோம். பிளாக் டேங்க் முக்கால்வாசிதான். பகலில் எல்லாரும் நடந்துபோனதால்தான் அது. பிரேக்கர் ஒரு தடவை விழுந்தது, ஏசியும் கெட்டிலும் மைக்ரோவேவும் ஒன்றாக.

உங்கள் பதிலில் ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். நாங்கள் தண்ணீரை ஒட்டிய சைட் என்று பார்த்து எடுத்தோம், பார்க்கின் கழிப்பறை தூரமாகிவிட்டது. அப்பா பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார், எனக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது. அதன்பிறகு அவரையும் வண்டியில் உள்ளதையே பயன்படுத்தச் சொன்னோம். பெரியவர்களோடு போகிறவர்கள் வரைபடத்தில் கழிப்பறைக்குப் பக்கத்துச் சைட்டைப் பிடியுங்கள். ஏரி எங்கே இருந்தாலும் தெரியும்.

தூண்டில்முள் அவர்களுக்கு: அப்பாவுக்குக் குளத்தில் தூண்டில் போட்ட கை. ஐம்பது வருடம் தொடவில்லை என்றார். மூன்று விடியலும் மேடையில் போய் உட்கார்ந்தார். அவரோடு பெரியவள் மட்டும் எழுந்து போனாள். முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் உள்ளங்கை அளவு சன்ஃபிஷ் ஒன்று, முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்கள். இருவரும் ஏழு மணிக்குத் திரும்பி வந்து, எதுவும் சொல்லாமல் தோசை கேட்டார்கள். அவள் கையில் செதில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

வரும் சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார்கள். நேற்றுப் பெட்டி கட்டும்போது சிவப்பும் வெள்ளையுமான அந்தத் தக்கையை வேட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.