நியூட்ரல் எர்த்தாக வேடம் போட்டால் அதற்கு என்ன பேர்?
(மொரீஷியஸ் தமிழ்க் குழுவில் நடந்த பேச்சு. அவரவர் ஊர்ப் பேரே அவரவர் பேர்.)

ரோஸ் ஹில்:
அன்பர்களுக்கு வணக்கம். வீட்டு சாக்கெட்டுகளைச் சோதிப்பது பற்றிய மாலை வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லைன் மின்சாரம் வரும் கம்பி, நியூட்ரல் அது திரும்பும் கம்பி, எர்த் கசிவை மண்ணுக்கு இறக்கும் காப்புக் கம்பி. எர்த் அறுந்தது, நியூட்ரல் அறுந்தது, லைனும் நியூட்ரலும் இடம் மாறியது, இந்த மூன்று பிழைக்கும் பேர் வைத்தாயிற்று. நாலாவதுதான் உதைக்கிறது. இரண்டே கம்பி ஓடும் பழைய வீட்டில் மூன்று துளை சாக்கெட்டை மாட்டி, உள்ளே நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு ஒரு துண்டுக் கம்பி போட்டுவிடுகிறார்கள். மூன்று விளக்குச் சோதனைப் பிளக் 'சரி' என்றே காட்டும். பின்னால் நியூட்ரல் எங்காவது கழன்றால் ஃப்ரிட்ஜின் உடம்பில் 230 வோல்ட் வந்து நிற்கும். 'போலி நிலம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

மோக்கா:
ஐயா, 'போலி' வேண்டாம். இலக்கணத்தில் போலி தீங்கற்றது. அறம் அறன் ஆனாலும் பொருள் மாறுவதில்லை. இங்கே ஒன்றின் இடத்தில் இன்னொன்று நின்றால் ஆள் போய்விடுவார். 'பொய்ந்நிலம்' என்க. செய்ந்நன்றி, மெய்ஞ்ஞானம் போல மெல்லினம் மிகும். 'பொய்நிலம்' என்று அச்சாகிவிட வேண்டாம்.

போர்ட் லூயி:
ந் மிகட்டும், மிகாமல் போகட்டும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கையேட்டில் உண்டா? மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பிறகு அதே சாக்கெட்டில் 2000 வாட் கெட்டில் ஓடும்போது மறுபடி பாருங்கள். சுமார் 9 ஆம்பியர் ஓடும். வீட்டின் மெயின் போர்டிலிருந்து 20 மீட்டர் 2.5 சதுர மி.மீ. கம்பி என்றால் நியூட்ரலில் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழும், மீட்டர் அதைக் காட்டும். துண்டுக் கம்பி இருந்தால் பூஜ்யத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் போர்டுக்குப் பக்கத்தில் உள்ள நல்ல சாக்கெட்டிலும் சிறிய அளவுதான் வரும். அதனால் மெயினை அணைத்து, மின்சாரம் இல்லையென்று சோதித்து, முகப்பைக் கழற்றிக் கண்ணால் பார்த்தால்தான் உறுதி. இருக்கிறதிலேயே கொடியது, லைனும் நியூட்ரலும் இடம் மாறிய சாக்கெட்டில் இந்தத் துண்டும் இருப்பது. இரும்பு உடம்பு அப்போதே லைன். விளக்குகளோ அதற்கும் 'சரி' என்கின்றன. தொடாமல் காட்டும் டெஸ்டரை எர்த் துளைப் பக்கம் கொண்டுபோனால் அது எரியும்.

பேர் கேட்டால்: கள்ளநோட்டு, கள்ளச்சாராயம், கள்ள எர்த். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

திரியோலே:
ரூபாய்த் தாளில் தமிழின் வரிசை மாறியதற்கு 1998இல் கொதித்த நாட்டில் 'எர்த்' என்றே அச்சடிக்கப் போகிறோமா? 'கள்ளத்தரை' எனலாமே. இங்கே மின்வேலைக்காரர் எர்த்துக்குச் சொல்லும் பிரெஞ்சு 'லா தேர்'கூட நம் தரையிலிருந்து போனதுதான்.

மோக்கா:
அம்மா, அது போகவில்லை. லத்தீன் 'தெர்ரா'வுக்கு வேர் உலர்தல் என்ற பொருளுடையது. தரையையோ சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனே வடமொழி 'தரா'வில் சேர்க்கிறது. தூய்மை கேட்டால் நிலம்தான் நம் சொல். நியூட்ரலுக்கு ஈழத்தார் 'நொதுமல்' என்பதையும் பாருங்கள். அகத்துறையில் நொதுமலர் வரைவு என்றால் அயலார் பெண் கேட்டு வருவது. உரியவன் இருக்க வேண்டிய இடத்தில் அயலான் வந்து நிற்கிறான்! எனவே 'நொதுமல் வரைவு' என்றே இந்தப் பிழைக்குப் பேரிடலாம். வரைவில் மணமும் உண்டு, எல்லையும் உண்டு, கோடும் உண்டு. கம்பியும் கோடுதானே.

போர்ட் லூயி:
வீட்டுக்காரர் போனில் 'என் சமையலறையில் நொதுமல் வரைவு' என்றால் வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

இன்னொன்றையும் சேருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் வித்தியாசப்பட்டால் 'விழுந்து' இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. அதன் சோதனைப் பொத்தானுக்கு எர்த்தே தேவையில்லை. கள்ள எர்த்தில் கசிவெல்லாம் நியூட்ரல் வழியே திரும்பிவிடுவதால் ஆர்.சி.டி.க்கு வித்தியாசம் தெரியாது. ஆள் தொட்டு, மின்சாரம் அவர் உடம்பு வழி தரைக்கு இறங்கினால்தான் விழும். இதிலேயே ஒரு சோதனையும் இருக்கிறது. ஆர்.சி.டி. பொத்தான் உள்ள சோதனைப் பிளக்கைச் செருகி அழுத்துங்கள். போர்டில் உள்ள பொத்தானுக்கு விழும் ஆர்.சி.டி. இதற்கு விழாமல், விளக்குகள் மட்டும் 'சரி' என்றால் முகப்பைக் கழற்றுங்கள்.

திரியோலே:
பிரெஞ்சு இரண்டு முனைப் பிளக்கை, மேல் துளையில் பேனாவை விட்டுத் திறந்து செருகுகிறார்களே, அதுவும் கள்ள எர்த்தா?

போர்ட் லூயி:
இல்லை அம்மா. அங்கே சாக்கெட்டின் எர்த் நல்லதுதான், பிளக்கோடு சேர்வதில்லை. அது 'எர்த் சேராமை'. இரண்டையும் ஒரே பேரில் போட்டால் வகுப்பே குழம்பும்.

ரோஸ் ஹில்:
குழுவில் 'கள்ள எர்த்'துக்கு நால்வர், 'பொய்ந்நிலம்' ஒருவர், 'கள்ளத்தரை' ஒருவர். அச்சகம் காத்திருக்கிறது, 'கள்ள எர்த்' என்றே போடுகிறேன். துண்டுக் கம்பியை எடுத்தால் மட்டும் வேலை முடியாது, போர்டின் எர்த் பட்டையிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன்.

மோக்கா:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். அடைப்புக்குறிக்குள்ளாவது 'பொய்ந்நிலம்' வரட்டும். இரண்டு ந்.