94 ஓ லெவல் கூட்டாளிகள்: தூண்டில் போட்டி

யோகன்: கூட்டாளிகளே, லீவு கிடைத்துவிட்டது! 18 நாள்தான். வந்து இறங்கிய அடுத்த கிழமை மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தூண்டில் போட்டி வைத்தே ஆக வேண்டும். 1993இல் வைத்தது, அதற்குப் பிறகு வைக்கவே இல்லை. யார் யார் வருவீர்கள்?

ரவி: நான்

நசீர்: நானும். கடையைத் தம்பி பார்ப்பான்

புஷ்பா: எந்த நாள்?

யோகன்: வெள்ளி. எல்லோருக்கும் லீவு

புஷ்பா: அது பௌர்ணமி, போயா

நசீர்: எனக்கு ஜும்ஆ வேறு இருக்கிறது

செல்வா: போயாவில் வேண்டவே வேண்டாம். இது சிவனொளிபாதமலை சீசன். நல்லதண்ணிக்குப் போகிற வாகனமெல்லாம் மஸ்கெலியாவுக்குள் வந்து நிற்கும், நாங்கள் ஹட்டனிலிருந்து வந்து சேரவே மத்தியானம் ஆகிவிடும். அதோடு மலைக்குக் கும்பிடப் போகிற சனத்தின் கண்ணுக்கு முன்னால் மீனைத் துடிக்கத் துடிக்கக் கரையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஞாயிறு வைப்போம்.

ரவி: ஞாயிறு தங்கச்சி மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் நான். மீன் வாடையோடு போய் நிற்க முடியாது

யோகன்: டேய், காலையில் 2 மணித்தியாலம் வந்துவிட்டுப் போ

ரவி: தங்கச்சியிடம் நீ கேள்

யோகன்: வேண்டாம் சாமி

நசீர்: டிரவுட் பிடிக்கலாம் என்று போன முறை சொன்னாயே யோகன்?

செல்வா: டிரவுட் மவுசாகலையில் தேடுகிற மீன் இல்லை நசீர். அதற்கு நல்ல குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும். 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் முட்டையாகக் கொண்டுவந்து நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். சமவெளி 1988இல் தேசிய பூங்காவாகிவிட்டது, தூண்டிலோடு அந்தப் பக்கம் போகிற யோசனையே வேண்டாம். நமக்குத் திலாப்பியா போதும்.

நசீர்: சரி சேர்

புஷ்பா: ஒரு விசயம். மீன் கழுவவும் சம்பல் அரைக்கவும் மட்டும் என்றால் நானும் ராணியும் வர மாட்டோம். 93இல் “பொம்பளைப் பிள்ளைகள் கரையில் நில்லுங்கள்” என்று சொன்னது யார் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் அப்பா எனக்கு ஏழு வயதிலேயே தூண்டில் கட்டிக் கொடுத்தவர்.

ராணி: ஆமாம்

யோகன்: சொன்னது நான்தான் புஷ்பா. அது பிழை. உனக்கும் ராணிக்கும் தூண்டில் நான் வாங்கி வருகிறேன்.

புஷ்பா: முள் சின்னதாகப் பார்த்து வாங்கு. பெரிய முள்ளைத் திலாப்பியா துப்பிவிடும்

ரவி: தண்ணீர் எப்படி?

புஷ்பா: நன்றாக இறங்கிவிட்டது. பழைய டவுன் தெரியத் தொடங்கிவிட்டதாம், கோயில் பக்கம் ஆட்கள் நடந்து போகிறார்களாம்.

நசீர்: பள்ளிவாசலும் தெரியுமே. வாப்பா சின்ன வயதில் ஓதிய இடம்

செல்வா: இப்போதுள்ள மஸ்கெலியா டவுன் பிறகு மேட்டில் கட்டியது. 1969இல் மஸ்கெலி ஓயாவை மறித்து அணை கட்டி முடித்தபோது பழைய டவுன் கடை, கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாவற்றோடும் தண்ணீருக்கு அடியில் போனது. பக்கத்துக் காசல்ரி அணை அதற்கு முன்பே, 1965இல். அந்தத் தண்ணீரில்தான் கரண்ட் எடுக்கிறார்கள். மழை குறைந்து தண்ணீர் வற்றும்போது மட்டும் இடிந்த சுவர்கள் வெளியே வரும், அதைப் பார்க்கவே ஊர் ஊராகச் சனம் வருகிறது. ஒன்று மட்டும் கவனம், ஓரத்துச் சேறு மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை போகும். பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

புஷ்பா: அப்பாயியின் கடை அங்கேதான் இருந்தது. சுருட்டு, வெற்றிலை, கருவாடு விற்ற கடை. சாகும் வரைக்கும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். வாசல் கல் மட்டுமாவது இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். மீன் எனக்கு இரண்டாவதுதான்.

ராணி: நானும் கூட வருகிறேன் புஷ்பா

நசீர்: எல்லோரும் போவோம்

சந்தனம்: 93இல் என் தூண்டில் மாட்டியது அந்தக் கோயில் மணியில்தான். இழுத்தேன், தண்ணீருக்குள் டங் என்று கேட்டது

ரவி: தொடங்கிவிட்டான்டா

யோகன்: அடுத்து வாய்க்குள் குஞ்சு வைத்த மீன் வரும் பாருங்கள்

நசீர்: புளுகன் சந்தனம் வாழ்க

சந்தனம்: மணி கதை விளையாட்டுக்குச் சொன்னது. குஞ்சுக் கதை அப்படி இல்லை. அந்த மீனைக் கரையில் போட்டதும் வாயைத் திறந்தது, உள்ளேயிருந்து மிளகு அளவில் குஞ்சு குஞ்சாகக் கொட்டியது. ஒவ்வொன்றுக்கும் கறுப்புப் பொட்டாகக் கண். புல்லில் விழுந்து துள்ளியதைக் கையில் அள்ளித் திரும்பத் தண்ணீரில் விட்டேன். 30 வருசத்துக்கு மேலாகச் சொல்கிறேன், ஒருத்தரும் நம்பவில்லை. இப்போது தோட்டத்தில் என் மகனையும் “புளுகன் மகன்” என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் என்ன பொய் சொன்னான்?

நசீர்: மச்சான் நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை

ரவி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

செல்வா: சந்தனம், நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ சொன்னது உண்மை. திலாப்பியா 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து நம் நாட்டுத் தண்ணீரில் விட்ட மீன், சொந்த ஊர் ஆப்பிரிக்கா. ஆண் மீன் அடியில் குழி பறிக்கும், பெண் மீன் அதில் முட்டை இட்டு உடனே வாயில் எடுத்துக்கொள்ளும். முட்டை பொரிவது வாய்க்குள்தான். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகும், பயம் வந்தால் ஓடி வந்து தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வீடியோ தேடியபோது நானே கண்ணால் பார்த்தேன், அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது என் பிழை. உன் மகனிடமும் நான் வந்து சொல்கிறேன்.

ராணி: ஐயோ சந்தனம்

யோகன்: மன்னித்துக்கொள் மச்சான். உண்மையாகத்தான்

சந்தனம்: பரவாயில்லை. மகனிடம் சொன்னால் போதும்

புஷ்பா: செல்வா, ஒரு சந்தேகம். வாயில் குஞ்சு வைத்திருக்கிற தாய் தீன் எடுக்குமா?

செல்வா: அநேகமாக எடுக்காது. அந்த நாட்களில் பட்டினிதான் கிடக்கும்

புஷ்பா: அப்படியென்றால் சந்தனத்தின் புழுவை எப்படிக் கடித்தது?

ரவி: ஆஹா

நசீர்: சொல்லு சந்தனம்

யோகன்: சந்தனம்?

சந்தனம்: அண்ணனின் வீச்சு வலை

யோகன்: டேய்!! அந்த மீனைக் காட்டித்தானே முதல் பரிசு வாங்கினாய்!

சந்தனம்: விடியக்காலையில் வலையில் பட்டது. என் தூண்டிலில் அன்றைக்கு ஒன்றுமே படவில்லை, வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்தது. அதனால்தான் மீனை மட்டும் கொண்டுவந்தேன். குஞ்சு கொட்டியது சத்தியம்.

ரவி: இரண்டாவது வந்தது நான்

நசீர்: பரிசு என்ன? மறந்துவிட்டது

ரவி: ஒரு டின் மீன், ஒரு இறாத்தல் பாண். நான் மறக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் அரிசி இல்லை, பாண் கிடைக்கும் என்று தங்கச்சி வாசலில் காத்துக்கொண்டு இருந்தாள்

சந்தனம்: அது எனக்குத் தெரியாது ரவி

சந்தனம்: சடங்குக்கு நான் வருகிறேன். டின் மீன் இல்லை, நல்லதாக ஒரு சீலை எடுத்துக்கொண்டு

ரவி: வாடா. வீட்டோடு வா

யோகன்: அப்போ ஞாயிறு சடங்கு. போட்டி எப்போது?

புஷ்பா: சனி?

நசீர்: சனி கடைக்குச் சாமான் வருகிற நாள். பார்க்கிறேன்

செல்வா: சனி என்றால் விதி இரண்டு. வலை கூடாது. வாயில் குஞ்சு உள்ள மீன் பட்டால் உடனே தண்ணீரில் விட வேண்டும். தோட்டப் பாதையால் இறங்க வேண்டும் என்பதால் தோட்டத் துரையிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

யோகன்: அதை யார் கேட்பது?

ராணி: புழு யார் தோண்டுவது?

சந்தனம்: புழு நான். லயத்துக்குப் பின்னால் வாழையடியில் நிறைய இருக்கிறது, மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்