சிஎச் 50 பூச்சியம், சி3, சி4 சாதாரணம்: பிறவிக் குறைபாடு என்று முடிவு செய்யலாமா?

கல்லடி மாமி எழுதியது:

வணக்கம். எனது அண்ணாவின் மகனுக்கு 17 வயது. ஒரு வருட இடைவெளிக்குள் இரண்டு தடவை மெனிங்கோகொக்கஸ் கிருமியால் மூளை மென்சவ்வு அழற்சி ஏற்பட்டு வாட்டில் இருந்தான். இரண்டு தடவையும் நாளத்தில் ஏற்றிய மருந்திலேயே முழுமையாகத் தேறிவிட்டான். ஒரே கிருமி திரும்பவும் வந்ததைக் கண்ட வைத்திய நிபுணர், கிருமிகளை அழிக்க உதவும், குருதியிலுள்ள நிரப்புப் புரதங்களைச் சோதிக்கும்படி எழுதித் தந்தார். இங்குள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் குருதி கொடுத்தோம். அவர்கள் கொழும்புக்கு அனுப்பிப் பெற்றுத் தந்த அறிக்கையில் அப்புரதங்களான சி3, சி4 இரண்டும் சாதாரண அளவில் இருக்க, சிஎச் 50 என்ற சோதனை மட்டும் ஏறத்தாழப் பூச்சியம் என்றுள்ளது.

கிளினிக் திகதிக்கு இன்னும் நாளிருப்பதால் இங்கே கேட்கிறேன். இது பிறவியிலேயே வருவதா? அண்ணா மணந்தது எங்கள் தாய்மாமனின் மகளைத்தான். அறிக்கை வந்ததிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சே பெரிதாகிவிட்டது. குறைந்த புரதத்தை மருந்தாலோ உணவாலோ ஏற்ற முடியுமா?

ஓய்வுபெற்ற ஆய்வுகூடத்தார், ஆரையம்பதி:

சகோதரி, நோயைப் பற்றி வைத்தியர்கள் சொல்லட்டும். அறிக்கையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

சி3, சி4 சோதனைகள் அந்தப் புரதங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளக்கின்றன. சிஎச் 50 அப்படிப்பட்டதன்று. பிறபொருளெதிரி பூசப்பட்ட செம்மறியாட்டுச் செங்குருதிக் கலங்களை நோயாளியின் சீரத்தால் உடைக்க முடிகிறதா என்று பார்க்கும் செயற்பாட்டுச் சோதனை அது. சி1 முதல் சி9 வரையுள்ள எல்லாப் புரதங்களும் வரிசையாக இயங்கினால்தான் கலங்கள் முறையாக உடையும். ஆகவே சி3, சி4 சாதாரணமாக இருந்து சிஎச் 50 மட்டும் பூச்சியமானால், சி1, சி2, அல்லது சி5 முதல் சி8 வரையுள்ள ஏதாவதொன்று இல்லாதிருக்கலாம். சி9 மட்டும் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் பெறுமானம் குறையுமேயன்றி முற்றாக அற்றுப்போவதில்லை.

ஆனால் இதே தோற்றத்தை வெப்பமும் உண்டாக்கும். இந்தப் புரதங்களின் செயற்பாட்டை ஒழிக்க ஆய்வுகூடங்களில் நாங்களே சீரத்தை 56 பாகை செல்சியசில் அரை மணிநேரம் வைப்போம். அவ்வளவு சூடில்லாவிட்டாலும், நமது ஊர் வெயிலில் வண்டியில் பல மணிநேரம் கிடந்தால் செயற்பாடு கணிசமாகக் குறைந்துவிடும். சி3, சி4 அளவுகளோ அதனால் அவ்வளவாக மாறா. கெட்டுப்போன குருதி மாதிரிக்கும் உண்மையான குறைபாட்டுக்கும் அறிக்கை ஒன்றுபோலவே வரும் என்பதால், ஒரேயொரு அறிக்கையை வைத்து யாரும் பிறவிக் குறைபாடு என்று எழுதக் கூடாது. சீரத்தை உடனே பிரித்து, ஆழ்குளிரில் உறையவைத்து, உலர் பனிக்கட்டியில் அனுப்ப முடியாவிட்டால், தம்பியையே கொழும்புக்கு அழைத்துச் சென்று குருதி கொடுப்பதுதான் நல்லது. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் நோயெதிர்ப்பியல் பிரிவு உண்டு. அங்கு அனுப்புவதைப் பற்றி உங்கள் நிபுணரிடம் கேளுங்கள். ஏஎச் 50 சோதனையையும் சேர்த்துக் கேட்பது பயனுள்ளது; பிறபொருளெதிரியின்றி இப்புரதங்கள் இயங்கும் மாற்று வழியை அது பார்க்கிறது. இரண்டும் பூச்சியமானால் இரு வழிகளுக்கும் பொதுவான சி5 முதல் சி8 வரையில் தேட வேண்டும்; சிஎச் 50 மட்டும் பூச்சியமானால் சி1, சி2 பக்கம் பார்க்க வேண்டும்.

வைத்தியர், அக்கரைப்பற்று:

மேலே சொன்னது சரி. ஆயினும் இந்தப் பிள்ளையின் கதையை வைத்துப் பார்த்தால் மீள்பரிசோதனையிலும் குறைபாடு உறுதியாகும் என்றே எனக்குத் தோன்றுகிறது. சி5 முதல் சி9 வரையுள்ள புரதங்கள் ஒன்றுகூடித்தான் கிருமியின் மென்சவ்வைத் துளைக்கின்றன. அவை இல்லாதபோது மற்றக் கிருமிகளையெல்லாம் உடல் வேறு வழிகளில் சமாளித்துவிடுகிறது. மெனிங்கோகொக்கஸ் அடங்கும் நைசீரியா இனத்தை மட்டும் சமாளிக்க முடிவதில்லை. முதல் தாக்குதல் பதின்ம வயதின் பிற்பகுதியில் வருவதும், நோய் ஒப்பீட்டளவில் மென்மையாக இருப்பதும், மீண்டும் வருவதும் இக்குறைபாட்டின் இயல்புகள். சி1இன் ஒரு பகுதியான சி1கியூ இல்லாதிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், நோயெதிர்ப்புத் தொகுதி தன் உடலையே தாக்கும் லூபஸ் நோய் வருகிறது. சி3 இல்லாதவர்களுக்கோ சிறுவயதிலிருந்தே நியூமோகொக்கஸ் போன்ற பலவகைக் கிருமிகளும் கடுமையாகத் தொற்றும்.

இந்தப் புரதக் குறைபாடுகளுள் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுப் பிரதி வந்தால்தான் வெளிப்படும். விதிவிலக்கானது புரோபெர்டின் என்ற இன்னொரு நிரப்புப் புரதத்தின் குறைபாடு, அதன் மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே பாதிக்கும், ஆனால் அதில் சிஎச் 50 சாதாரணமாக இருக்கும். சொந்தத்தில் மணப்பது இருவரும் ஒரே பழுதைக் காவும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது உண்மை. உறவில்லாத தம்பதியரின் பிள்ளைகளுக்கும் இது வருகிறது என்பதும் அதேயளவு உண்மை. மச்சானும் மச்சாளும் மணந்ததை நமது பகுதியில் ஒரு குற்றமாக எடுத்துப் பேசுவதால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை.

சிகிச்சைக்கு வருகிறேன். சி5 முதல் சி9 வரையுள்ள புரதங்களை மருந்தாகத் தயாரித்து யாரும் விற்பதில்லை. குருதித் திரவவிழையத்தில் அவை உண்டு, ஆனால் ஏற்றினால் சில நாட்களே தங்கும். உணவால் ஒன்றும் ஆகாது. எனவே புரதத்தை ஏற்றுவதை விட்டுவிட்டு, கிருமியைத் தடுப்பதிலேயே கவனம் வைக்க வேண்டும். முதலாவது தடுப்பூசி. ஹஜ், உம்றா செல்வோருக்கு இடப்படும் அந்த நான்கு வகை மெனிங்கோகொக்கஸ் தடுப்பூசியே இவருக்கும் தேவை. ஆனால் இவருக்கு முதலில் இரண்டு ஊசிகள் போட்டு, பின்னர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஊக்க ஊசி போட வேண்டும். பி வகைக்குத் தனியான தடுப்பூசி உண்டு. அதையும் பெறமுடிந்தால் பெறுங்கள். துளைக்கும் புரதங்கள் இல்லாதபோதும் தடுப்பூசி பலன் தரும். ஊசியால் உண்டாகும் பிறபொருளெதிரிகள் கிருமியை வெண்குருதிக் கலங்கள் விழுங்குவதற்கு உதவுகின்றன. எனினும் அது முழுக் காப்பு அன்று. தினமும் பெனிசிலின் கொடுப்பதா என்பதை நிபுணர் தீர்மானிப்பார்; இரண்டு தடவை வந்துவிட்டதால் நான் அந்தப் பக்கமே சாய்வேன்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது டெங்குக் காலத்து நமது பழக்கம். காய்ச்சலென்றால் பரசிற்றமோல் கொடுத்து, மூன்றாம் நாள் குருதிச் சோதனை செய்து பார்ப்போம் என்று காத்திருக்கிறோம். இந்தப் பிள்ளை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் கண்ட அன்றே, நள்ளிரவானாலும், வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். குறைபாட்டைக் குறிப்பிட்டு நிபுணர் ஒப்பமிட்ட கடிதமொன்று எப்போதும் அவரிடம் இருக்கட்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் இளம் வைத்தியராக இருந்தால், இப்படியொரு நோயை அவர் ஒருமுறைகூடக் கண்டிருக்கமாட்டார்.

களுவாஞ்சிக்குடித் தாய்:

இதை வாசித்துப் பயந்துவிட்டேன். என் மகளுக்குக் காலில் சிரங்கு வந்து ஆறிய சில கிழமைகளில் முகம் வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது. அப்போது சி3 மிகவும் குறைவு என்றார்கள். அவளுக்கும் இதே நோயா, டொக்டர்?

வைத்தியர், அக்கரைப்பற்று:

பெரும்பாலும் இல்லை. நீங்கள் சொல்வது ஸ்ரெப்டோகொக்கஸ் தொற்றுக்குப் பின்னர் வரும் சிறுநீரக அழற்சி போலிருக்கிறது. அங்கே சி3 உற்பத்தியாகாமல் இல்லை, செலவாகிக் குறைகிறது. ஆறு முதல் எட்டுக் கிழமைகளில் தானாகவே பழைய அளவுக்கு வரவேண்டும். மீண்டும் சோதித்து, மூன்று மாதமாகியும் ஏறவில்லையென்றால் மட்டும் சிறுநீரக நிபுணரிடம் காட்டி வேறு காரணம் தேடுங்கள். லூபசிலும் இப்படிச் செலவாகும். அதில் பெரும்பாலும் சி4 உம் சேர்ந்தே இறங்கும். முற்றிய ஈரல் நோயிலோ உற்பத்தியே குறையும். குறைவு என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை காரணங்கள் இருப்பதால்தான் சிகிச்சையும் ஆளுக்காள் மாறுகிறது.

கல்லடி மாமி:

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். கொழும்புக்கே கூட்டிச் செல்லத் தீர்மானித்துள்ளோம். மருமகனுக்கு 14 வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். இதுவரை ஒரு நோயும் இல்லை. அவளையும் சோதிக்க வேண்டுமா, அல்லது அண்ணனின் முடிவு வந்தபின் பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற ஆய்வுகூடத்தார், ஆரையம்பதி:

ஒரே நாளில் இருவரையும் கூட்டிச் செல்லுங்கள். பெற்றோர் இருவரும் பழுதான பிரதியைக் காவுபவர்களானால் அவளுக்கும் நூற்றுக்கு 25 வாய்ப்பு உண்டு. நோய் வருமுன் தெரிந்துகொண்டால் தடுப்பூசியை முன்கூட்டியே போடலாம். இன்னொரு வசதியும் இருக்கிறது. இருவரின் குருதியும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டு ஒரே விதமாகக் கையாளப்பட்டு, தங்கையின் சிஎச் 50 சாதாரணமாகவும் அண்ணனுடையது மீண்டும் பூச்சியமாகவும் வந்தால், மாதிரி கெட்டுவிட்டதோ என்ற சந்தேகம் அத்துடன் தீர்ந்துவிடும். இருவருடையதும் பூச்சியமாக வந்தால் உறவினர் அல்லாத ஒருவரின் குருதியையும் சேர்த்து இன்னொரு முறை செய்யும்படி கேளுங்கள்.