‘கதவில் இடித்துக்கொண்டார்’ என்று எழுதிவிட்டேன். வேறென்ன எழுதியிருக்க வேண்டும்?

இரவுப்பணி:
அவசர சிகிச்சைப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். நேற்று இரவு ஒரு பெண் புருவம் பிளந்து வந்தார். “கதவில் இடித்துக்கொண்டேன்” என்றார். தையலுக்குக் கையைப் பிடித்தபோது பார்த்தேன்: முழங்கைக்குக் கீழே, சுண்டுவிரல் பக்கமாக, இரண்டு கன்றல்கள். முகத்தை மறைக்கக் கையை உயர்த்தினால் அடி விழுகிற இடம் அது. கூட வந்தவர் கடைசிவரை நகரவேயில்லை. பதிவேட்டில் கதவு என்று மட்டும் எழுதினேன். விடிந்தும் மனம் ஆறவில்லை. எழுதியிருந்தாலும் யாருக்கு என்ன பயன்?

தடயவியல் மருத்துவர்:
அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள், சகோதரி. நீங்கள் பார்த்தது தனி வரி: உடலில் எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம். நிறத்தை வைத்து இத்தனை நாள் பழைய காயம் என்று மட்டும் கணக்குச் சொல்லாதீர்கள். அனுபவசாலிகளே சறுக்குகிற இடம் அது. புருவத்தில் இன்னொரு சிக்கல். எலும்பை ஒட்டிய தோல், மொட்டையான பொருள் பட்டாலும் கத்தி கீறியதுபோல நேராகப் பிளக்கும். ஓரம் கன்றி, உள்ளே இழைகள் அறுபடாமல் குறுக்கே கிடந்தால் அது கிழிந்த காயம். தையல் போட்டுவிட்டால் அதைப் பார்க்க முடியாது. எக்ஸ்ரே அறைக்குத் தனியாக அழைத்துப்போய்க் கேளுங்கள். கூட வந்தவர் எதிரில் கேட்கவே வேண்டாம், அது அந்தப் பெண்ணுக்கே ஆபத்து.

வரவேற்பு மேசை:
பயன் உண்டு. வேல்ஸின் கார்டிஃப் நகரில், முகத்தாடை அறுவை மருத்துவர் ஜொனாதன் ஷெப்பர்ட், தாக்கப்பட்டு வருகிறவர்களில் பெரும்பாலோரைப் பற்றிக் காவல்துறைக்குத் தெரியவே தெரியாது என்று கண்டார். அங்கே என்னைப்போன்ற வரவேற்பு ஊழியர்கள்தான் கேட்டு எழுதினார்கள்: எங்கே, எப்போது, எதனால். ‘மதுக்கூடம்’ என்றல்ல, எந்த மதுக்கூடம் என்று. பெயரை நீக்கிவிட்டுத்தான் தகவல் வெளியே போனது. காவலர் ரோந்து அதற்கேற்ப மாறியது. 2011இல் வெளியான ஆய்வின்படி, வன்முறைக் காயத்தால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஒரு லட்சம் பேருக்கு மாதம் 7 என்பதிலிருந்து 5 ஆகக் குறைந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த நகரங்களில் 5 என்பது 8 ஆனது. வீட்டுக்குள் விழும் அடிக்கு ரோந்து உதவாது என்பது உண்மை. அங்கே உங்கள் பதிவேடுதான் சாட்சி.

இரவுப்பணி:
நன்றி டாக்டர், நன்றி தோழரே. நேற்றைய பதிவை இப்போது திருத்தலாமா?

தடயவியல் மருத்துவர்:
பழைய வரியை அடிக்கவோ அழிக்கவோ கூடாது. இன்றைய தேதியும் நேரமும் போட்டு, தாமதமாகச் சேர்த்தது என்று குறிப்பிட்டுக் கீழே எழுதுங்கள்.

இரவுப்பணி:
எழுதிவிட்டேன். கன்றல்களை அளக்கவில்லை என்பதையும் எழுதினேன். ஐந்தாம் நாள் தையல் பிரிக்க வருவார். அன்றைக்கு என் பணிநேரத்தை மாற்றிக் கேட்டிருக்கிறேன்.