வொர்ஷிப்: வேர்ப்பொருளை வைத்து வேதாகமத்தை விளக்கலாமா?

வேர்தேடி:
ஆராதனைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'வொர்ஷிப்' என்பது 'வொர்த்' (மதிப்பு) என்ற சொல்லோடு 'ஃபிரண்ட்ஷிப்'பில் வரும் அதே 'ஷிப்' விகுதி சேர்ந்தது. ஆகவே ஆராதனை என்றால் கடவுளின் மதிப்பை அறிக்கையிடுவது. ஆராதனை நடத்துகிறவர்கள் இதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பழஞ்சுவடி:
பிரித்தது சரி, முடிவு தப்பு. அந்த விகுதி நிலையைக் குறிப்பது, செயலை அல்ல. பழைய ஆங்கிலத்தில் அது ஒருவருக்கு இருக்கும் கண்ணியம், அவ்வளவே. 'அறிக்கையிடுதல்' நீங்கள் சேர்த்தது. 1611 ஆங்கில வேதாகமத்தில் லூக்கா 14:10 பாருங்கள்: பந்தியில் கடைசி இடத்தில் உட்கார்ந்தவனை மேலே அழைக்கும்போது அவனுக்கு 'வொர்ஷிப்' உண்டாகும். தமிழில் அதே இடத்தில் 'கனமுண்டாகும்'.

வேர்தேடி:
அது என் பக்கச் சான்றுதானே! 14ஆம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பான விக்லிஃப் வேதாகமத்தில், யோவான் 12:26இல், ஊழியம் செய்கிறவனைப் பிதாவே 'வொர்ஷிப்' செய்வார். கடவுள் மனிதனை வழிபடுவாரா? கனம்பண்ணுவார். இங்கிலாந்து திருச்சபையின் 1549 பொது ஜெப நூலில் மணமகன் மணமகளிடம் 'என் உடலால் உன்னை வொர்ஷிப் செய்கிறேன்' என்கிறான். மதிப்பு என்ற பொருள் அறுந்துபோகவில்லை.

பழஞ்சுவடி:
அந்த வரியைத்தான் 1572இல் பியூரிட்டன்கள் (அந்தத் திருச்சபையை இன்னும் சீர்திருத்தக் கேட்ட புராட்டஸ்டண்டுகள்) நாடாளுமன்றத்தை நோக்கி வெளியிட்ட கண்டன நூலில் தாக்கினார்கள், மனைவியை விக்கிரகமாக்குகிறது என்று. அதற்குள்ளேயே பலர் காதில் அது தெய்வத்துக்குரிய சொல்லாகிவிட்டது. இங்கிலாந்து மேயர்களை 'யுவர் வொர்ஷிப்' என்று விளிப்பது பழம்பொருளின் மிச்சம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இருப்பது பெரும்பாலும் 'ப்ரொஸ்குனேயோ'. மத்தேயு 2:11இல் சாஸ்திரிகள் 'சாஷ்டாங்கமாய் விழுந்து' பணிந்துகொள்கிறார்களே, அந்தச் சொல். உடம்பு தரையில் படும் செயல் அது. ஆங்கில வேரைக் கொண்டு அதற்கு விளக்கம் சொன்னால் விழுந்து பணிதலே காணாமல் போகிறது.

ஏட்டுப்பிரதி:
பழைய ஆங்கில வரியைப் படிக்கும்போது முதலில் ஆண்டைப் பாருங்கள், அடுத்து பெயர்ச்சொல்லா வினையா, பிறகு மூலச்சொல். 'யாருக்கு' என்பதை மட்டும் பார்த்தால் சறுக்கும். 1611 மத்தேயு 18:26இல் கடன்பட்ட ஊழியக்காரன் தன் எஜமானை 'வொர்ஷிப்' செய்கிறான். எதிரே இருப்பது மனிதன் என்பதால் 'கனம்பண்ணினான்' என்று எழுதினால் பிழை; மூலத்தில் அதே 'ப்ரொஸ்குனேயோ'தான். தமிழ் வேதாகமம் 'தாழ விழுந்து, வணங்கி' என்று சரியாகத் தருகிறது. நம் 'வழிபாடு'ம் இப்படிப் பொருள் நகர்ந்ததுதான்: புறநானூறு 10இல் 'வழிபடுவோரை வல்லறிதீயே' (வழிபடுவோரை விரைவில் அறிந்துகொள்வாய்) என்பது சோழ மன்னனைப் பார்த்துச் சொன்னது, அவன்வழி நடப்போரைப் பற்றி.

வேர்தேடி:
கிரேக்கத்துக்கு ஒப்புக்கொள்கிறேன், 'அறிக்கையிடுதல்' என்பதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் விக்லிஃப் வரிக்கு என் வேர்ப்பொருள் இல்லாமல் உரை எழுத முடியாது.

பழஞ்சுவடி:
விக்லிஃப் வரிக்கு மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை.