புதுப்பிப்பு: அலுவலகக் கூட்டத்துக்கு எந்தச் செயலி?

போன மாதம் கேட்டிருந்தேன்: 12 பேர், வாரம் ஒரு கூட்டம், கட்டணம் இல்லாமல் ஜூமா, கூகுள் மீட்டா, டீம்ஸா? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மீட் என்று முடிவு செய்துவிட்டோம்.

காரணம் நேரம்தான். எங்கள் திங்கள்கிழமைக் கூட்டம் எப்படியும் 50 நிமிடம் ஓடும். இலவச ஜூமில் 40 நிமிடம்தான்; மற்ற இரண்டிலும் 60. மீட்டைக் கணினியில் எதுவும் நிறுவாமல் உலாவியிலேயே திறக்கலாம் என்பது வயதில் மூத்த கணக்காளருக்குப் பெரிய நிம்மதி.

ஒருவர் பரிந்துரைத்த ஜிட்சியும் எனக்குப் பிடித்தது. திறமூல மென்பொருள் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), சொந்த சர்வரிலேயே நிறுவலாம். ஆனால் அதைப் பராமரிக்க எங்களிடம் ஆள் இல்லை.

கிராமத்திலிருந்து சேரும் தோழியின் குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. எல்லாரும் வீடியோவை அணைத்தோம், தெளிவாகிவிட்டது. இனி திரையில் காட்ட ஏதாவது இருந்தால் மட்டுமே படம்.