லாரியின் கிரவுன் பினியனை மாற்றலாமா? ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் எங்கள் பத்துச் சக்கர லாரியின் பின் அச்சில், என்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல்சக்கர ஜோடியாக 41 பல் கிரவுனும் 6 பல் பினியனும் உள்ளன; அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற பினியன் 6.83 முறை சுற்றும் ரேஷியோ. டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கே என்ஜின் நிமிடத்துக்கு 2,100 சுற்றைத் தாண்டி இரைவதால் டீசல் செலவு கையைக் கடிக்கிறது. 41/7 ஜோடிக்கு மாற்றினால் சுற்று ஏறத்தாழ 1,830க்கு இறங்கும்; ஆனால் சக்கரத்துக்குச் சேரும் இழுவையும் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதால், முழு லோடுடன் தொப்பூர் கணவாய் ஏறும்போது ஒரு கியர் இறக்கிச் சமாளிக்க முடியுமா என்பதே என் பெரிய கவலை.

பழைய ஹவுசிங்கிலேயே (பின் அச்சின் கூட்டிலேயே) இந்த ஜோடி பொருந்துமா? கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் ஸ்பீடோமீட்டர் இனி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டும். ஓட்டுநரின் பாதுகாப்பு சார்ந்த விஷயமாதலால், அதைச் சரிசெய்யும் முறையையும், மாற்றி ஓட்டிப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.